காற்று புகும் ரேடியேட்டர்

அந்தக் கார் எங்கள் கராஜுக்கு வந்தபோது அதற்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். எனக்கு ஐம்பத்தொன்று. ரெக்கவரி லாரியிலிருந்து அதை இறக்கும்போது பக்கத்து டயர் கடையிலிருந்தும் பெயின்ட் கடையிலிருந்தும் ஆட்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நீளமான மூக்கு, இரண்டே கதவு, உள்ளே எட்டு சிலிண்டர் இன்ஜின். மசில் கார் என்று அமெரிக்காக்காரர்கள் பெயர் வைத்த வகை. ஒரு காலத்தில் கரும்பச்சையாக இருந்திருக்க வேண்டும். வெயில் தின்றது போக மிச்சமிருந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது.

துபாய் அல் குசைஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் அந்த கராஜில் பதினாறு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். அதற்கு முன்னால் சாத்தூர் பக்கம் லாரி இன்ஜின் வேலை. பெரிய இன்ஜின் எது வந்தாலும் மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்ததை மறைத்துப் பயனில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

காரைக் கொண்டுவந்தவர் இந்த ஊர்க்காரர், எமிராத்தி. ஆம்புலன்ஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். கார் அவருடையதல்ல, அவருடைய அண்ணனுடையது. சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று அவரை இளையவர் என்றும் அண்ணனை மூத்தவர் என்றும் சொல்கிறேன். நேரில் இரண்டு பேரையுமே ‘அர்பாப்’ என்றுதான் கூப்பிடுவேன். முதலாளிமார்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவர்கள் என்னை ‘ரஃபீக்’ என்பார்கள், சிநேகிதன் என்று அர்த்தம். என்னிடம் அவர்கள் பேசியது உருது. எனக்கு இந்த நாடு கற்றுக்கொடுத்த ஹிந்தி. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

மூத்தவர் வாலிபத்தில் ஆசைப்பட்டு வாங்கிய கார். கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனபின் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நின்றுவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் சர்க்கரை நோயில் அவருடைய இரண்டு கண்ணும் போய்விட்டன. இளையவர் முதல் நாளே என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“அண்ணனால இனிமே இந்தக் காரைப் பார்க்க முடியாது. ஆனா காது நல்லா கேட்கும். கொர்ஃபக்கான் கடற்கரை வரைக்கும் பழைய மலை ரோட்டுல ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும். அதுக்குத் தயார் பண்ணிக் கொடு.”

மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். மற்ற வேலைகளுக்கு நடுவே இன்ஜினைப் பிரித்து, துருவைச் சுரண்டி, அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு சாமானாக வரவழைத்துப் பூட்டினேன். முதல் முறை ஸ்டார்ட் பண்ணிய அன்று மூத்தவரையும் அழைத்து வந்திருந்தார்கள். உயரமான மனிதர். தம்பியின் தோளில் கை வைத்தபடி வந்து, பானட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றார். இன்ஜின் பிடித்ததும் தரையே அதிர்ந்தது. அவர் உள்ளங்கையை பானட்டிலிருந்து எடுக்காமல் ஐந்து நிமிஷம் நின்றார். அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

ரேடியேட்டர் மட்டும் பாக்கி இருந்தது. காரோடு வந்த பழைய பித்தளை ரேடியேட்டர் அடியில் அரித்துப் போயிருந்தது. இளையவர், “நீயே பார்த்துத் தேர்ந்தெடு, எனக்கு அதெல்லாம் தெரியாது” என்று சொல்லிவிட்டார்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எனக்குத் தெரிந்த ரேடியேட்டர் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் பெஷாவர்க்காரர், தாடிக்கு மருதாணி போடுகிறவர். அவரிடம் எனக்கு மூன்று வழி இருந்தது. பழைய மாதிரியே இரண்டு வரிசைக் குழாய் வைத்த பித்தளை. நான்கு வரிசைக் குழாய் வைத்த தடிமனான பித்தளை. மூன்றாவது அலுமினியம். அதிலும் இரண்டே வரிசைதான், ஆனால் ஒவ்வொரு குழாயும் அகலமானது. நான் யோசிக்கவே இல்லை. நான்கு வரிசையைக் கேட்டேன். இந்த ஊர் வெயிலுக்கு, இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு, தண்ணீர் அதிகம் கொள்கிறதுதான் சரி என்பது என் கணக்கு. லாரிக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முன்னால் ஏசியின் வலைத்தகடு வேறு இருக்கிறதே, இவ்வளவு தடிக்குள் காற்று புகுமா என்று. முப்பது வருடமாக ரேடியேட்டர் மாட்டுகிறவன் நான் என்று சொன்னேன். அவர் நான் கேட்டபடியே செய்து கொடுத்துவிட்டார்.

அதை மாட்டும்போது ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடம் போதவில்லை. ஃபேனைச் சுற்றி ஒரு கவர் இருக்கும். காற்றைச் சிதறவிடாமல் ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்காக வைத்தது. அது இடித்தது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். கராஜைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். சூட்டு முள் ஒழுங்காக நின்றது. காலை ஏழு மணிக்கு ஓட்டினால் நிற்கத்தானே செய்யும்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கிளம்பினோம். வழியில் ஏதாவது என்றால் நீ இருக்கணும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். இளையவர் ஓட்டினார், மூத்தவர் பக்கத்தில், நான் பின் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். தைத் என்ற ஊர் வரைக்கும் கார் பறந்தது. மூத்தவர் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். மசாஃபி மலை ஏற்றத்தில்தான் வினை வந்தது. முன்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த வழியில்லை. நாங்களும் ஊர்ந்தோம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறேன், முள் ஏறிக்கொண்டே போகிறது. ஏசியை நிறுத்தச் சொன்னேன். ஹீட்டரைப் போடச் சொன்னேன்; ரேடியேட்டர் தண்ணீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது, இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். அந்த வெயிலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டு பெரியவர்களும் வியர்வையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் பானட்டின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினோம்.

அடுத்து நான் செய்ததை எந்த மெக்கானிக்கும் செய்ய மாட்டான். வெட்கம் கண்ணை மறைத்தது. எப்படியாவது சரி செய்து காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில், கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியில் துணியைப் போட்டுத் திருகினேன். பாதி திருகுவதற்குள் மூடி பறந்தது. கொதிநீர் என் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அடித்தது.

நான் கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. இளையவர் அதற்குள் என் பக்கத்தில் இருந்தார். அவர் ஓடி வந்த மாதிரியே தெரியவில்லை. என் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் முதலில் கழற்றினார். வீங்கிவிட்டால் அப்புறம் கழற்ற முடியாதாம். சட்டைக் கையை வெட்டினார். மூத்தவரின் காலடியில் இருந்த ஐஸ் பெட்டிக்குள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து என் கைமேல் ஊற்றத் தொடங்கினார். ஐஸை வைக்கச் சொல்லி நான் கேட்டதற்கு, கூடாது என்று மட்டும் சொன்னார். மூத்தவர் காருக்குள்ளிருந்து பாட்டில்களை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பியின் குரல் வரும் திசையில் கையை நீட்டி, ஒன்றுகூடக் கீழே விழாமல் கொடுத்தார்.

“அர்பாப், குடிக்கிறதுக்கு வையுங்க” என்றேன்.

“இது உன்னோடது” என்றார் இளையவர். “பேசாம கையை நீட்டு.”

நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், மலை ரோட்டில், அந்த இரண்டு வயதானவர்களும் தங்களுக்கென்று ஒரு வாய்த் தண்ணீர் வைத்துக்கொள்ளவில்லை. கடைசி பாட்டிலும் என் கையில்தான் போனது. இருபது நிமிஷம் இருக்கும். பின்னால் வந்த பிக்கப் ஒன்றை இளையவர் கைகாட்டி நிறுத்தினார், அதில் மூவரும் ஏறி தைத் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காரை ரோட்டோரம் விட்டுவிட்டு வந்தோம்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட நர்ஸ் குளச்சல் பக்கத்துப் பெண். என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில்தான் கேட்டாள்.

“அண்ணே, என்ன வேல உங்களுக்கு?”

“மெக்கானிக்குமா.”

“சூடா இருக்கும்போ மூடியத் தொறக்கப்பிடாதுன்னு மெக்கானிக்குக்குத் தெரியாதா?”

தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சிரித்தாள். அப்புறம், உடனே தண்ணீர் ஊற்றினது யார் என்று கேட்டாள். வெளியே உட்கார்ந்திருந்த இளையவரைக் காட்டினேன். அவர் மட்டும் ஊற்றாமல் விட்டிருந்தால் தோல் ஒட்டு போடவேண்டி வந்திருக்கும், விரல் மடக்குவதே சிரமமாகியிருக்கும் என்றாள். இரண்டு மூன்று வாரத்தில் வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னாள்.

ரூமில் படுத்திருந்த அந்த நாட்களில் கை வலியைவிட பயம்தான் அதிகம். நான் தேர்ந்தெடுத்த சாமான், நான் கழற்றிப் போட்ட கவர், நான் திருகிய மூடி. எல்லாம் என் தப்பு. கராஜ் கஃபீலிடம், அதாவது எனக்கு விசா கொடுத்த ஸ்பான்சரிடம், ஒரு புகார் போனால் போதும், இந்த வயதில் இன்னொரு விசா யார் கொடுப்பார்? வீட்டுக்கு வீடியோவில் பேசும்போது கை தெரியாதபடி போனைத் தூக்கிப் பிடித்தேன். இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாம் நாள் என் மனைவி கேட்டுவிட்டாள்.

“ரெண்டு நாளா மொகத்த மட்டும் காட்டுறீக. கைக்கு என்ன ஆச்சு?”

காட்டினேன். அவள் அழவில்லை. யார் சமைத்துத் தருகிறார்கள் என்று கேட்டாள். ரூம்காரர்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள், தட்டில் போட்டுக் கொடுத்து, தட்டையும் அவர்களே கழுவுகிறார்கள் என்றேன். அவர்களைப் போனில் கூப்பிடச் சொல்லி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினாள். நான் எதிர்பார்த்த திட்டு வரவே இல்லை. கார் என்ன ஆச்சு என்று மட்டும் கடைசியில் கேட்டாள். தெரியாது என்றேன்.

மூன்றாம் வாரம் கராஜுக்குப் போனபோது, மலையிலிருந்து ரெக்கவரி லாரியில் கொண்டுவந்திருந்த கார் அங்கேயே நின்றது. நான் வேலை செய்த அதே இடத்தில், துணி போட்டு மூடியிருந்தது. நான் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று இளையவர் சொல்லிவிட்டுப் போனதாக மேனேஜர் சொன்னார். அன்று பத்து மணிக்கெல்லாம் அவரே வந்தார். கட்டைப் பிரித்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார். திருப்தியானதும், “சரி, இப்ப எந்த ரேடியேட்டர் போடலாம்?” என்று கேட்டார்.

எனக்கு நிஜமாகவே புரியவில்லை. இந்த மாதிரிக் கார்களுக்கென்றே இதே துபாயில் பெரிய கராஜ்கள் இருக்கின்றன, அங்கே கொண்டுபோங்கள், நான் தேர்ந்தெடுத்துத்தான் இப்படி ஆயிற்று என்று சொன்னேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் ஆம்புலன்ஸ்ல சேர்ந்த புதுசு. ஒரு தடவை தப்பான ரோட்டுல திரும்பிட்டேன். பதினஞ்சு நிமிஷம் லேட். உள்ள ஒரு பொம்பளை, பிரசவ வலி. ரெண்டு உயிரும் பிழைச்சுது, அல்லாவோட கருணை. ஆனா வண்டியைத் தொடவே எனக்குப் பயமா இருந்துச்சு. மறுநாள் காலையில எங்க ஆபீசர் முதல் போன் வந்ததும் சாவியை என் கையிலதான் கொடுத்தார். வேற டிரைவர் மூணு பேர் சும்மா நின்னாங்க.” ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். “அன்னைக்குக் கொடுக்கலைன்னா நான் அப்புறம் ஓட்டியிருக்கவே மாட்டேன்.”

நான் போய்க் காரின் மேலிருந்த துணியை விலக்கினேன்.

அந்த வாரமே ஷார்ஜா கடைக்குப் போனோம். மூத்தவரும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். பெஷாவர்க்காரர் என் கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அன்றே சொன்னேனே என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லாமல் டீ வரவழைத்தார். மேஜை மேல் மூன்று ரேடியேட்டர்களை நிறுத்தினார். நான் மாட்டி, இப்போது காரிலிருந்து கழற்றி எடுத்துவந்திருந்த அந்த நான்கு வரிசைப் பித்தளை, பழைய மாதிரி இரண்டு வரிசைப் பித்தளை, அகலக் குழாய் வைத்த அலுமினியம்.

இந்த முறை நான் ஒவ்வொன்றாக வாய்விட்டு யோசித்தேன். ஹைவே வேகத்தில் கார் சூடாகவில்லை, ஊர்ந்தபோதுதான் சூடானது. அப்படியென்றால் தண்ணீர் குறைச்சல் இல்லை, காற்றுதான் குறைச்சல். மூத்தவர் மேஜையருகே வந்து மூன்றையும் விரலால் தடவினார். குழாய்களுக்கு நடுவே இருக்கிற மெல்லிய தகடுகளை நசுக்கிவிடாமல், புத்தகம் படிக்கிற மாதிரி தடவினார். காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். சொன்னேன். கடையில் ஆளுயர ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை ரேடியேட்டருக்கு முன்னால் வைக்க முடியுமா என்றார்.

வைத்தோம். அவர் பின்பக்கம் உள்ளங்கையை நீட்டினார். நான்கு வரிசைக்குப் பின்னால் கை வைத்ததும், “இதுல ஒண்ணும் வரலையே, ஃபேன் ஓடுதா?” என்றார். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நானும் கை வைத்துப் பார்த்தேன். யாரோ தூரத்தில் ஊதுகிற மாதிரி இருந்தது. அலுமினியத்தை வைத்தோம். அவருடைய கந்தூரா அங்கியின் கை படபடத்தது. பழைய இரண்டு வரிசையிலும் காற்று நன்றாக வந்தது. ஆனால் அதன் குழாய்கள் குறுகியவை, அந்த இன்ஜின் கக்குகிற சூட்டை இறக்க அவை போதாது. அலுமினியத்தின் குழாய் ஒவ்வொன்றும் என் பெருவிரல் அகலம். காற்றையும் விட்டு, தண்ணீருக்கும் இடம் கொடுத்தது.

“இதுதான்” என்றேன்.

“உறுதியா?” என்றார் இளையவர்.

“இன்னும் நாலு விஷயம் பார்க்கணும்.” பார்த்தேன். மேலே தண்ணீர் வரும் வாயும் கீழே போகும் வாயும் இன்ஜினுக்கு ஏற்ற பக்கத்தில் இருக்கின்றனவா என்று. ஆட்டோமேட்டிக் கியரின் ஆயிலைக் குளிர்விக்க இரண்டு முனை வைத்திருக்கிறார்களா என்று. ஃபேன் கவருக்கு இடம் விடுகிறதா என்று அளவு நாடா பிடித்துப் பார்த்தேன். கடைசியாக மூடி. கடைக்காரர் அழுத்தம் கூடுதலாகத் தாங்கும் மூடி ஒன்றைக் காட்டினார். அதைப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது, உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கிற ஹீட்டர் ஐம்பது வருடப் பழசு, அந்த அழுத்தத்தில் வெடித்துவிடும். கம்பெனி சொன்ன அளவு மூடியே போதும் என்றேன். பெஷாவர்க்காரர் தாடியைத் தடவிக்கொண்டு, “இப்பத்தான் நீ முப்பது வருஷ மிஸ்திரி” என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கும் சிரிப்பு வந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு.

மாட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கீழ் ஹோஸுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். வேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிக்கொள்ளாமல் அதுதான் தாங்கும். பழைய ஹோஸில் அது துருப்பிடித்துப் பொடியாகியிருந்தது. புதிதாகச் செய்து போட்டேன். ஃபேன் கவரைத் திரும்பப் பூட்டி, ஃபேனின் இறக்கை பாதி கவருக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி வைத்தேன். அப்புறம் ஆகஸ்ட் மாதம் பட்டப்பகலில், ஷார்ஜா ரோட்டு டிராஃபிக்கில், ஏசியைப் போட்டபடி மூன்று நாள் ஓட்டினேன். எனக்கு அந்த டிராஃபிக் இனித்தது அந்த மூன்று நாள் மட்டும்தான். முள் பாதியைத் தாண்டவில்லை.

மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். மசாஃபி ஏற்றத்தில் ஊர்வதற்கு லாரி எதுவும் அகப்படவில்லை. இளையவர் வேண்டுமென்றே மெதுவாக ஏற்றினார். “பார்க்கலாம் உன் ரேடியேட்டரை” என்றார். நான் முன் சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டியிருந்தார். எந்த வளைவு வருகிறது என்று இன்ஜின் சத்தம் பாறையில் மோதித் திரும்புவதை வைத்தே சொன்னார். இரண்டு தடவை தப்பாகச் சொன்னார், அதற்கு ரோட்டை மாற்றிவிட்டார்கள் என்று குறை சொன்னார். உச்சி தாண்டி இறங்கும்போது இளையவர் தன் பக்கக் கண்ணாடியையும் இறக்கினார். அந்த இன்ஜின் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

கொர்ஃபக்கானில் கடற்கரையை ஒட்டி நிறுத்தினோம். இளையவர் கடையிலிருந்து வறுத்த மீனும் ரொட்டியும் வாங்கி வந்தார். மூத்தவர் தனக்கு வந்த மீனில் முள்ளை விரலால் பார்த்து எடுத்து, நல்ல துண்டைப் பிய்த்து என் தட்டு எங்கே என்று கேட்டு வைத்தார். இடது கையால் நான் பிடிக்கச் சிரமப்படுவேன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அப்போது எனக்கு நன்றாகவே பிடிக்க வந்தது. நான் சொல்லவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மலையில் ஏறத் தொடங்கும்வரைதான் எனக்கு நினைவிருக்கிறது. நான் வேலை செய்த வண்டியில் நான் ஒருநாளும் தூங்கியதில்லை. எங்கே என்ன சத்தம் வருகிறது என்று காது வேலை செய்துகொண்டே இருக்கும். அன்று பின் சீட்டில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். குசைஸில் என் ரூம் வாசலில் கார் நின்று, மூத்தவர் திரும்பி என் முழங்காலைத் தட்டியபோதுதான் விழித்தேன். மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. எந்த இடத்தில் போர்த்தினார்கள் என்று கேட்டேன். அது எதற்கு உனக்கு, இறங்கு, நாளைக்கு உனக்கு டியூட்டி இருக்கிறது என்றார்கள்.